நாடக வாசிப்பும் உளநோய்ச் சொற்களும்: மொழிபெயர்ப்பு நோக்கில் ஒரு திறனாய்வு

1. முன்னுரை

நாடகம் நடிக்கப்படுவதற்கு உரியது என்பது பொதுவான கருத்து. எனினும் ஒப்பனையும் காட்சியமைப்பும் இன்றி, நடிகர் சிலர் மேசையின் முன் அமர்ந்து நாடகப் பனுவலை அவையோர் கேட்க உணர்ச்சியுடன் படிக்கும் முறையும் ஒன்று உண்டு. இதனை நாடக வாசிப்பு எனலாம். உளநோய் பற்றிய அச்சத்தையும் நாணத்தையும் நீக்கி, அதனைப் பலர் முன்னிலையில் பேசச் செய்யும் கருவியாக இம்முறை கடந்த சில பத்தாண்டுகளில் பயன்பட்டு வருகிறது.

நாடக வாசிப்பு மருத்துவர்க்கும் அரங்கக் கலைஞர்க்கும் மட்டுமன்றி மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய ஆய்வுப்பொருளாகும். மேடையில் உடலசைவும் ஒளியும் இசையும் பகிர்ந்து சுமக்கும் பொருள் முழுவதையும் வாசிப்பில் சொல் ஒன்றே சுமக்க வேண்டியுள்ளது. ஒரு தவறான சொல்லை நல்ல நடிப்பு மறைத்துவிடக்கூடும். வாசிப்பில் அவ்வாறு மறைக்க இயலாது. நோயுற்றவரைக் குறிக்கத் தேர்ந்தெடுக்கும் பெயரும், அப்பெயர் வாக்கியத்தில் ஏற்கும் வேற்றுமையும், கேட்போர் தம் வாய் திறப்பரா மூடுவரா என்பதை முடிவு செய்கின்றன. இக்கருத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வாசிப்பரங்கின் அமைப்பு

இத்துறையில் மிகுதியும் அறியப்பட்ட முயற்சி அமெரிக்காவில் பிரையன் டோரீஸ் என்பார் தொடங்கிய 'தியேட்டர் ஆஃப் வார்' என்னும் அமைப்பினுடையது. இவர் கிரேக்க மொழி பயின்ற மொழிபெயர்ப்பாளர். சோபோகிளிஸ் இயற்றிய 'ஐயாஸ்' (ஆங்கில வழக்கில் அஜாக்ஸ்), 'பிலாக்டெட்டீஸ்' ஆகிய துன்பியல் நாடகங்களின் பகுதிகளைத் தாமே எளிய ஆங்கிலத்தில் பெயர்த்து, 2008ஆம் ஆண்டு சான் டியாகோ நகரில் கடற்படைப் பிரிவு வீரரும் அவர்தம் துணைவியருமாகச் சுமார் 400 பேர் முன் படிக்கச் செய்தார். அதன்பின் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் படைத்தளங்கள் பலவற்றில் வாசிப்புகள் நிகழ்ந்தன.

இவ்வரங்கு மூன்று பகுதிகளை உடையது. முதலாவது, நடிகர் படித்தல். இரண்டாவது, அவையோரின் வாழ்க்கையோடு தொடர்புடைய சிலர், அதாவது முன்னாள் வீரர், வீரரின் மனைவி, மருத்துவர் போன்றோர், தாம் கேட்டதைப் பற்றிச் சுருங்கப் பேசுதல். மூன்றாவது, அவை முழுவதும் கலந்துரையாடுதல். முதற்பகுதி முடிந்தவுடன் நிகழ்ச்சி நிறைவுறுவதில்லை. உண்மையில் அப்போதுதான் தொடங்குகிறது. நாடகப் பனுவல் இங்கு ஒரு வினாவாக மட்டுமே நிற்கிறது.

'ஐயாஸ்' நாடகத்தின் கதை இவ்விடத்தில் அறியத்தக்கது. அக்கிலீஸ் இறந்தபின் அவனுடைய படைக்கலங்கள் தனக்கு வாராமல் ஒடிசியஸுக்குப் போனதால் ஐயாஸ் சினங்கொள்கிறான். அதீனா என்னும் தெய்வம் அவன் அறிவை மயக்குகிறது. தன் பகைவரைக் கொல்வதாக எண்ணி அவன் ஆடுமாடுகளைக் கொன்று குவிக்கிறான். தெளிவு பிறந்தபின் நாணம் தாளாமல் தன் உயிரை முடித்துக்கொள்கிறான். அவனுக்கு நேர்ந்ததை அவையோர்க்கு விரிவாக எடுத்துரைப்பவள் அவனுடன் வாழும் டெக்மெஸா. போரில் சிறைப்பட்டு வந்த அவளுடைய கூற்றே படைவீரர் மனைவியரை மிகுதியும் பேசத் தூண்டியது என்பது டோரீஸ் தரும் செய்தி.

ஏதென்ஸ் நகரத்துத் துன்பியல் நாடகங்கள் போரிலிருந்து மீண்டவரை ஆற்றுப்படுத்தும் பொதுச் சடங்காக விளங்கின என்பது டோரீஸின் கருதுகோள். சோபோகிளிஸ் படைத்தலைவராகவும் பணியாற்றியவர் என்பது இதற்கு வலுச்சேர்க்கும். எனினும் இது நிறுவப்பட்ட வரலாறன்று. கருதுகோள் நிலைப்பினும் நிலையாவிடினும், இன்றைய அவையில் அப்பனுவல் விளைக்கும் பயன் வேறாக மதிப்பிடப்பட வேண்டியதாகும்.

3. தமிழில் முன்மாதிரிகள்

படித்தலும் பொருள் கூறலும் கேட்டலும் இணைந்த அவை தமிழர்க்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் வழங்கும் புராண படனத்தில் ஒருவர் செய்யுளைப் படிக்க, மற்றொருவர் அதற்குப் 'பயன்' சொல்வர். தமிழகத்தின் வட மாவட்டங்களில் திரௌபதியம்மன் விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நிகழ்கின்றன. ஒரே கதை ஒரு நாளில் கேள்வியாகவும் காட்சியாகவும் இருமுறை வருகிறது. ஆயினும் இவ்வழக்குகளில் பொருள் கூறும் உரிமை ஒருவருக்கே உரியது. கேட்போர் தம் வாழ்க்கையைக் கொண்டு மறுமொழி கூறுவதற்கு அங்கு இடமில்லை. நாடக வாசிப்பு இம்மரபிற்குக் கூட்டும் புதுமை, 'பயன்' சொல்லும் உரிமையை அவையோரிடம் ஒப்படைப்பதேயாகும்.

உளநோயைப் பொருளாகக் கொண்ட தமிழ் நாடகங்களுள் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'அன்னை இட்ட தீ' தனித்துக் குறிப்பிடத்தக்கது. 1991இல் எழுதப்பெற்ற இந்நாடகம் போர் யாழ்ப்பாணத்து மக்களின் உள்ளத்தில் ஏற்படுத்திய காயங்களைப் பேசுகிறது. அக்காலத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இதே காயங்களை மருத்துவ நோக்கில் ஆராய்ந்து வந்தார். அவருடைய தமிழ் நூலின் பெயர் 'மனவடு' என்பது.

இவ்விரு தலைப்புகளும் சொல்லாக்கத்திற்குச் சிறந்த சான்றுகளாம். 'அன்னை இட்ட தீ' என்பது பட்டினத்தார் தம் தாயின் ஈமக்கடனின்போது பாடியதாக வழங்கும் பாடலிலிருந்து எடுத்த தொடர். தமிழ்க் குடும்பங்கள் இழவு வீட்டில் கேட்டுப் பழகிய தொடர் அது. நோய்ப்பெயர் எதனையும் கூறாமலே உடலினுள் எரியும் துயரை அத்தலைப்பு உணர்த்திவிடுகிறது. 'மனவடு' என்பதோ ஆங்கிலக் கலைச்சொல்லாகிய 'டிராமா' என்பதற்கு ஈடாக அமைந்தது. தீயினால் சுட்ட புண்ணையும் நாவினால் சுட்ட வடுவையும் வேறுபடுத்தும் குறளை அறிந்த எவருக்கும் இச்சொல் விளக்கமின்றிப் புரியும். தமிழக இதழ்களில் இதற்கு ஈடாக வழங்கும் 'மன அதிர்ச்சி' என்பது நிகழ்ந்த கணத்தை மட்டுமே குறிக்கிறது. 'வடு' நிகழ்ச்சிக்குப் பின் எஞ்சுவதைக் குறிக்கிறது. கருத்து நோக்கில் ஈழவழக்கே பொருத்தமுடையது.

4. வாக்கிய அமைப்பும் நோயாளியின் நிலையும்

உளநோயைக் குறிக்கத் தமிழ் மூன்று வாக்கிய அமைப்புகளைப் பயன்படுத்துகிறது.

அ. அவன் பைத்தியம்.
ஆ. அவனுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது.
இ. அவன் மனநோயால் பாதிக்கப்பட்டவன்.

முதல் அமைப்பு எழுவாயும் பெயர்ப் பயனிலையும் கொண்டது. ஆளும் நோயும் இங்கு ஒன்றாகிவிடுகின்றன. நோய் நீங்கிய நிலையை எண்ணிப் பார்க்கவும் வாக்கியத்தில் இடமில்லை. 'அவனைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்ப வேண்டும்' என்னும் ஏளனமும் இவ்வகையினதே. சென்னையில் கீழ்ப்பாக்கமும், ஐதராபாத்தில் எர்ரகட்டாவும், கொழும்புப் பகுதியில் அங்கொடையும் அங்குள்ள மருத்துவமனைகளின் காரணமாக வசைச்சொற்களாயின. நோயாளி பெற்ற இழிவை ஊர்ப்பெயரும் பெற்றுவிட்டது.

இரண்டாம் அமைப்பில் ஆள் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்க, நோய் எழுவாயாகிறது. பசி எடுத்தல், காய்ச்சல் அடித்தல், தூக்கம் வருதல் ஆகியவற்றைப் போன்றே இதுவும் ஒருவருக்கு வந்து சேர்ந்ததாகக் கூறப்படுகிறது. வந்தது போகவும் கூடும். 'பைத்தியம்' என்னும் சொல் கடுமையானதாயினும் வாக்கிய அமைப்பு ஆளையும் நோயையும் பிரித்தே வைக்கிறது. தெலுங்கிலும் 'வாடிகி பிச்சி பட்டிந்தி' என்று இதே அமைப்பு வழங்குதல் நோக்கத்தக்கது.

மூன்றாம் அமைப்பு ஆங்கிலத்தின் வழியாக வந்தது. ஆளை முன்னிறுத்தி நோயைப் பின்னிறுத்த வேண்டும் என்னும் நல்ல நோக்கம் இதன் பின்னணியில் உள்ளது. சட்டத்திற்கும் அறிக்கைக்கும் இது பொருந்தும். ஆனால் ஒரு மனைவி தன் கணவனைப் பற்றி அண்டை வீட்டுப் பெண்ணிடம் இவ்வாறு பேசுவதில்லை. விழிப்புணர்வு நாடகங்கள் பலவற்றின் தலையாய குறை இதுவே. கதைமாந்தர் வாயிலிருந்து துண்டறிக்கையின் மொழி வருகிறது. நெஞ்சு அடைக்கிறது என்று சொல்ல வேண்டிய தாய், தன் மகனின் நோய்க்குறிகளை வரிசைப்படுத்துகிறாள். அவையோர் அதனைப் பாடமாகக் கேட்டுக் கலைகின்றனர். தம் வீட்டில் நிகழ்வதாக உணர்வதில்லை.

ஆங்கிலம் புதிய தொடர்களைப் புனைந்து அடைய முயலும் வேறுபாட்டைத் தமிழ்ப் பேச்சுவழக்கு வேற்றுமை உருபினாலேயே அடைந்துவிடுகிறது. ஆகவே நாடகக் கூற்றுகளுக்கு இரண்டாம் அமைப்பே உரியது. 'மனசு சரியில்லை', 'தூக்கம் வரமாட்டேன் என்கிறது', 'நெஞ்சை என்னவோ செய்கிறது' முதலியன இதே இனத்தவை.

இதற்கு ஒரு தடை எழக்கூடும். 'பைத்தியம் பிடித்தது' என்னும் அமைப்பிலேயே 'பேய் பிடித்தது' என்பதும் வழங்குகிறது. நோயை வெளியிலிருந்து வந்த ஒன்றாகக் கருதும் மொழி, மருத்துவரை விடுத்துப் பேயோட்டுவாரை நாடச் செய்யாதா? இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த உளநோயாளர் 28 பேர் தீ விபத்தில் மாண்டனர். தர்காவில் நோய் நீங்கும் என்னும் நம்பிக்கையில் குடும்பத்தார் கொணர்ந்து விட்டவர்கள் அவர்கள். எனினும் இதற்கு விடை கதைமாந்தரின் மொழியைத் திருத்துவதன்று. பேய் என்று கருதுவோர் அப்படியே பேசட்டும். அக்கருத்தை எதிர்கொள்ளும் இடம் கலந்துரையாடலாகும். வாசிப்பரங்கில் இவ்விரண்டும் தனித்தனிப் பகுதிகளாக அமைந்திருப்பதன் பயன் இங்குத் தெளிவாகிறது.

5. நோய்ப்பெயர்களின் சிக்கல்

கலந்துரையாடலில் மருத்துவர் பேசும்போது கலைச்சொற்கள் இன்றியமையாதவை. அவற்றிலும் தெளிவின்மை மிகுந்துள்ளது. 'மன அழுத்தம்' என்னும் தொடர் தமிழகத்தில் அன்றாட நெருக்கடியையும், மருத்துவம் வேண்டும் நோயாகிய 'டிப்ரெஷன்' என்பதையும் ஒருங்கே குறிக்கிறது. ஓய்வெடுத்தால் நீங்குவதையும் ஓய்வினால் நீங்காததையும் ஒரே பெயரால் அழைத்தல் கேட்போரைத் தவறான வழியில் செலுத்தும். ஈழத்து வழக்கில் முன்னது 'நெருக்கீடு' எனப்படுகிறது. முன்னதை 'நெருக்கீடு' என்றும் பின்னதை 'மனச்சோர்வு நோய்' என்றும் பிரித்தல் நலம்.

'ஸ்கிசோஃப்ரினியா' என்பதற்கு வழங்கும் 'மனச்சிதைவு' என்பதும் மறுஆய்வுக்குரியது. சிதைந்தது மீளச் சேராது என்னும் குறிப்பு அதிலுள்ளது. ஜப்பானியரும் தம் மொழியில் 'மனப்பிளவு நோய்' என்னும் பொருளில் வழங்கிய பெயரை 2002இல் கைவிட்டு, மன ஒருங்கிணைப்பில் ஏற்படும் குறைபாடு என்னும் பொருள்பட மாற்றினர். பெயர் மாற்றம் நோயை மாற்றாது. ஆனால் நோயின் பெயரை நோயாளியிடம் கூறத் தயங்கிய மருத்துவரின் தயக்கத்தைக் குறைக்க முடியும்.

சட்டமும் இவ்வழியிலேயே நடந்துள்ளது. 1912ஆம் ஆண்டுப் பித்தர் சட்டத்திற்கு மாற்றாக 1987இல் மனநலச் சட்டம் இயற்றப்பட்டது. 2017இல் இயற்றப்பட்டு 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், தன்னுயிரை மாய்க்க முயன்றவர் கடும் நெருக்கீட்டுக்கு ஆளானவர் என்றே கொள்ள வேண்டும் என்கிறது. 'தற்கொலை' என்னும் சொல்லில் 'கொலை' இன்னும் தங்கியிருக்கிறது. வாசிப்புப் பனுவலில் 'உயிரை மாய்த்துக்கொள்ளுதல்' போன்ற தொடரை ஆளுதல் இதனால் ஏற்புடைத்தாம்.

6. ஐயாஸைத் தமிழில் பெயர்த்தல்

'ஐயாஸ்' நாடகத்தைத் தமிழ் வாசிப்புக்கென முழுமையாகப் பெயர்க்கும்போது மூன்று இடங்கள் மொழிபெயர்ப்பாளரைச் சோதிக்கும்.

முதலாவது, பெயர். கிரேக்கத்தில் 'ஐயாய்' என்பது அலறற்குறிப்பு. தெளிவு பெற்ற தலைவன் தன் பெயரே தன் துயரத்திற்குப் பொருந்துவதாயிற்று என்று கூறுகிறான். 'அஜாக்ஸ்' என்னும் ஆங்கில வடிவில் இந்நயம் அழிகிறது. தமிழில் கிரேக்க ஒலிப்பை ஒட்டி 'ஐயாஸ்' என்று எழுதினால் 'ஐயோ' என்னும் அலறல் பெயரினுள்ளேயே கேட்கும். அடிக்குறிப்பு வேண்டாத இடமாக இது தமிழுக்கு வாய்த்திருக்கிறது.

இரண்டாவது, 'நோசோஸ்' என்னும் சொல். சோபோகிளிஸ் ஐயாஸின் மனமயக்கத்திற்கும் பிலாக்டெட்டீஸின் காற்புண்ணிற்கும் இச்சொல்லையே ஆள்கிறார். தமிழில் 'நோய்' என்பது இதற்கு நேரான சொல். 'நோ' என்னும் அடியிற் பிறந்து, உடற்பிணியையும் பிரிவுத் துயரையும் வேறுபாடின்றிக் குறித்த சொல் அது. அகப்பாடல் தலைவியின் 'நோய்' மருத்துவர் அறியாத நோய். உடல்நோய்க்கு நாணாத சமூகம் உளநோய்க்கு மட்டும் நாணுகிறது. ஆகவே இருவரின் துன்பத்தையும் 'நோய்' என்னும் ஒரே சொல்லால் பெயர்த்தல் பொருள்மிக்க முடிவாகும். 'மனநோய்' என்று அடைகொடுத்துப் பெயர்ப்பின் மூலத்திலில்லாத பிரிவினை புகுந்துவிடும்.

மூன்றாவதே மிகவும் கடினமானது. ஐயாஸை அழிப்பது மயக்கம் அன்று. மயக்கம் நீங்கியபின் வரும் நாணம். தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் இளிவரல் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவற்றின்கண் தோன்றுவது. பிணியும் இழிவும் இணையும் இடம் அது. ஆனால் மொழிபெயர்ப்பாளர் கைக்கு முதலில் வரும் சொல் 'மானம்' என்பதாகும். அச்சொல்லைத் தொடர்ந்து ஒரு மரபே அவைக்கு வந்துவிடும். புறப்புண் நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதனும், உயிரை விட்ட கவரிமாவும் தமிழர் போற்றும் உவமைகள். மானம் காத்து இறந்தவனாக ஐயாஸ் காட்டப்பட்டால் அவையோர் அவன் சாவை வியந்து கைதட்டுவர். வாசிப்பின் நோக்கம் அக்கணமே தோற்றுவிடும். அவையில் அதே எண்ணத்தோடு அமர்ந்திருப்பவருக்கு அது தூண்டுகோலாகவும் அமையலாம். 'தலைகுனிவு', 'கூச்சம்', 'முகத்தில் விழிக்க முடியவில்லை' போன்ற தாழ்ந்த சொற்களே இங்குப் பொருந்துவன. அவை போற்றுதற்குரியனவல்ல, இரங்குதற்குரியன. மூலத்தின் வீரச்சுவை ஓரளவு குன்றும் என்பது உண்மையே. யாருக்காகப் பெயர்க்கிறோம் என்பதை அறிந்து ஏற்கும் இழப்பு அது.

இதேபோன்ற இழப்பை டோரீஸின் மொழிபெயர்ப்பிலும் காணலாம். வாசிப்புக்காகக் குழுப்பாடல்கள் பெரிதும் சுருக்கப்பட்டுள்ளன. நடையும் இன்றைய அமெரிக்கப் பேச்சைத் தழுவியுள்ளது. இலக்கிய மொழிபெயர்ப்பாக நோக்கின் இது குறையே. எனினும் டெக்மெஸா பேசும்போது இடையில் உரைவிளக்கம் வேண்டாதவாறு பனுவல் அமைந்திருப்பது, அவையில் இருக்கும் மனைவியர் அடுத்துப் பேசுவதற்குரிய வழியைத் திறந்து வைக்கிறது.

7. லோத்குண்டா போன்ற அவைகள்

மேற்கூறிய முடிவுகளை ஒரு குறிப்பிட்ட அவையை முன்வைத்து நோக்குதல் பயன்தரும். சிக்கந்தராபாத்தின் வடபால் திருமலகிரிக்கும் ஆல்வாலுக்கும் இடையில் உள்ளது லோத்குண்டா. தெலுங்கில் 'லோது' ஆழத்தையும் 'குண்ட' குளத்தையும் குறிக்கும். 1806இல் பெயர் பெற்ற சிக்கந்தராபாத்துப் படைப்பாசறையை ஒட்டிய பகுதி இது. பாசறையோடும் இருப்புப்பாதையோடும் வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இந்நகரில் வாழ்கின்றன. தெலுங்கு, தக்கணி உருது, தமிழ், ஆங்கிலம் ஆகியவை ஒரே தெருவில் கேட்கின்றன. படையிலிருந்து ஓய்வு பெற்றோரும் இங்கு வாழ்கின்றனர். ஐயாஸின் கதை செல்லவேண்டிய அவை இதனினும் பொருத்தமாக அமைதல் அரிது.

இத்தகைய இடத்தில் வாசிப்பு பொதுமொழியாகக் கருதப்படும் ஆங்கிலத்திலேயே நிகழ்தல் இயல்பு. ஆங்கிலத்தில் 'டிப்ரெஷன்' என்று கூறுவது எளிது. அச்சொல் வீட்டினுள் பேசப்படாதது, ஆதலால் சுடாது. அவ்வெளிமையே அதன் குறை. தாய்மொழியில் கேளாத துயருக்குத் தாய்மொழியில் மறுமொழி பிறப்பதில்லை. பெண்களும் முதியோரும் அவையில் அமர்ந்திருந்தும் பேசாதிருப்பர். டெக்மெஸாவின் கூற்றையேனும் தமிழிலும் தெலுங்கிலும் அடுத்தடுத்துப் படித்தல் இதற்கு ஒரு வழி. 'அவருக்கு', 'ஆயனக்கி' என்று இரு மொழிகளும் நான்காம் வேற்றுமையில் ஒன்றுபடுவதால், ஒன்றைக் கேட்டவர் மற்றதையும் எளிதில் உணர்வர். மனைவி தன் கணவனை மரியாதைப் பன்மையால் குறிப்பது இருமொழி வழக்கிலும் உண்டு. அறிவு மயங்கிய நிலையை விவரிக்கும்போதும் அவள் 'அவர்' என்றே கூறுவாளாயின், அம்மரியாதை தானே நோயாளியின் மதிப்பைக் காத்து நிற்கும். ஆங்கிலத்தில் இதற்கு வழியில்லை.

8. முடிவுரை

பெங்களூர் நிமான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஓர் உளக்கோளாற்றுடன் வாழ்கின்றனர். அவர்களுள் பெரும்பான்மையோர் மருத்துவம் பெறவில்லை. நாடக வாசிப்பு மருத்துவத்திற்கு மாற்றன்று. வாசிப்பு கிளறிவிடும் துயரைத் தாங்குவதற்கு மருத்துவர் அவையில் இருத்தலும், 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணைத் தவறாது அறிவித்தலும் அமைப்பாளர் கடமையாகும்.

மொழிபெயர்ப்பாளர் கடமை அதற்கு முன்னரே தொடங்குகிறது. நாடகக் கூற்றுக்கு வீட்டுமொழியும் கலந்துரையாடலுக்குத் தெளிவான கலைச்சொல்லும் எனப் பிரித்துக்கொள்ளல் வேண்டும். ஆளையும் நோயையும் ஒன்றாக்கும் பெயர்ப் பயனிலையை நீக்குதலும், சாவைப் போற்றும் சொற்களைத் தவிர்த்தலும் அவ்வளவே இன்றியமையாதன. இவை நிறைவேறிய பனுவல் தமிழில் அமையுமாயின், புராண படனத்தின் அவை தன் 'பயனை'த் தானே சொல்லத் தொடங்கும்.